ஒரு மனை, இரண்டு கட்டடங்கள்

போன மாதம் ஒரு போன் வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புது ஓவர்சியர், சின்னப் பெண். நாற்காலியின் பின்கால் ஆடும், பார்த்து உட்காரம்மா என்று சொல்லிவிட்டுத்தான் ஓய்வு பெற்று வந்தேன். இன்னும் ஆடுகிறதாம். ஊருக்கெல்லாம் கட்டடம் கட்டுகிற ஆபீசில் ஒரு நாற்காலிக்குக் கால் வைக்க ஆளில்லை.

நலம் விசாரித்து முடிந்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"சார், இப்பல்லாம் எஸ்டிமேட்டை கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்துடுது. சைட்டுக்குப் போனோமா, போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தினோமான்னு வேலை முடிஞ்சிடுது. ஆனா ஒரு ஊர்ல ஸ்கூலுக்கு ரூம் வேணும்னு பாதிப் பேரு, பெரியவங்களுக்கு சென்டர் வேணும்னு பாதிப் பேரு. இடம் ஒண்ணுதான் இருக்கு. இதை ஆப்ல எங்க சார் கேக்கறது? நீங்க அந்தக் கண்டிகை ஊர்ல ரெண்டையும் ஒரே இடத்துல கட்டினீங்களாமே, எப்படி சார்?"

"நான் எங்கம்மா கட்டினேன். நான் டேப்போட ஒரு முனையைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். எழுதி அனுப்பறேன், படி" என்றேன். அவளுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது.

ஓவர்சியர் என்றால் வெளியே பலருக்குத் தெரியாது. ஊராட்சி ஒன்றியத்தில் பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், சிறுபாலம், தண்ணீர்த் தொட்டி என்று எது கட்டினாலும் அளந்து, பார்த்து, திட்டி, திட்டு வாங்குகிற ஆள். கட்டடம் நன்றாக இருந்தால் தலைவர் கட்டியது. ஒழுகினால் ஓவர்சியர் கட்டியது.

பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பள்ளிப்பட்டுப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்களில் கற்றதெல்லாம் மேஸ்திரிகளிடம்தான். கம்பி கட்டுவது, மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது, கான்கிரீட் போட்ட பிறகு தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. அப்படி ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் நான் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே போன ஒரு விவசாயி நின்று அண்ணாந்து பார்த்து, "இன்னா ஓவர்சியரு, மேல நாத்து உடப் போறியா?" என்று கேட்டார். ஊர் முழுக்க அந்தப் பேச்சு பரவி, அந்தப் பக்கத்தை விட்டு மாற்றலாகும்வரை எனக்கு 'நாத்து ஓவர்சியர்' என்றுதான் பெயர். கோபம் வந்தது, வாஸ்தவம். இப்போது நினைத்தால் அந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

செல்வராணி மேடத்தை நான் சந்தித்தது ஊத்துக்கோட்டைப் பக்கம். உதவிப் பொறியாளர், எனக்கு நேர் மேலதிகாரி, வயதில் என்னைவிடச் சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கிராமத்துக்குப் போனால் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார மாட்டார். தலைவர் இளநீரை நீட்டினால், "வேலை முடியட்டும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். நாங்கள் பின்னால் ஓட வேண்டும். அவர் ஒரு சுற்று நடந்து முடிக்கும்வரை யாரும் எதையும் எழுதக் கூடாது.

அவரோடு போன முதல் வேலையே ஒரு வேடிக்கையான வேலை. எங்களுக்கு முன்னால் யாரோ கட்டிவிட்டுப் போன முதியோர் பூங்காவுக்குப் பெயிண்ட் அடிக்க மதிப்பீடு போட வேண்டும். சிமெண்டு பெஞ்சு, நடைபாதை, சின்னக் கூடம் எல்லாம் இருந்தது. மேய்வதற்கு ஆடுகளும் இருந்தன. முதியோர்தான் இல்லை. பெயிண்ட் அளவெடுத்துவிட்டு நான் கிளம்பத் தயாராக இருந்தேன். மேடம் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அன்று காலை முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வரவில்லை.

"முருகேசன் சார், ஊரு அந்தப் பக்கம் இருக்கு. பார்க் இந்தப் பக்கம் இருக்கு. நடுவுல மணல் லாரி போற ரோடு. எழுபது வயசுல இதைத் தாண்டி வந்து யாரு உட்காருவாங்க?" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்ன மூன்று கேள்விகளைத்தான் பிறகு எல்லா ஊரிலும் அவர் வாயிலிருந்து கேட்டேன். யார் வருவாங்க? எப்போ வருவாங்க? எந்த வழியா வருவாங்க? பால்வாடியாக இருந்தாலும் சுடுகாட்டுக் கொட்டகையாக இருந்தாலும் இந்த மூன்றையும் கேட்காமல் வரைபடத்தைத் தொட மாட்டார். சுடுகாட்டில் போய் 'எப்போ வருவாங்க' என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், ஆனால் பதிலை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. கட்டடத்தைக் காகிதத்தில் காட்ட மாட்டார். மனையிலேயே முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போடச் சொல்வார். சுவர் இங்கே, கதவு இங்கே, ஜன்னல் இங்கே. பிறகு ஊர்க்காரர்களை அந்தக் கோட்டுக்குள் நடக்கச் சொல்வார். வேலை ஆரம்பிக்கும்போது எப்படியும் கோடு போடத்தான் வேண்டும். முடிவு எடுப்பதற்கு முன்பே போடச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். "ஒரே வேலையை எதுக்கு மேடம் ரெண்டு தடவை?" என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தேன். "சுண்ணாம்பை அழிச்சிடலாம் சார், சுவரை அழிக்க முடியாது" என்றார்.

பிறகு இருவரும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்தோம். அங்கேதான் அந்தக் கண்டிகை.

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போகிற ஊர். அப்பன் பாட்டன் எல்லாம் ஏர் பிடித்தவர்கள், களை எடுத்தவர்கள். பிள்ளைகள் இரும்பு உருக்கும் கம்பெனி, குழாய்க் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி என்று மூன்று ஷிப்டில் போகிறவர்கள். ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி. பழுதடைந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்தாகிவிட்டது. இரண்டு வகுப்புகள் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நடந்தன. ஊரில் சாவு விழுந்தால் துக்கத்துக்கு வருபவர்களுக்கு அந்தக் கொட்டகை வேண்டும். அன்று அந்த வகுப்புகளுக்கு விடுமுறை. தலைமையாசிரியை விஜயகுமாரி டீச்சர் இதைச் சொல்லும்போது அழவில்லை, கோபப்பட்டார். தெருமுனைக்கு ஒரு தனியார் பள்ளி வேன் வர ஆரம்பித்திருந்தது. அடுத்த வருட ஜூனுக்குள் வகுப்பறை எழும்பாவிட்டால் பாதிப் பிள்ளைகள் அந்த வேனில் ஏறிவிடுவார்கள் என்பது அவர் பயம். பயத்தில் நியாயம் இருந்தது.

அதே நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். முதியோர் பொழுதுபோக்குக் கூடம் வேண்டும். இருந்த இடம் இடித்த பள்ளிக் கட்டடத்தின் மனை ஒன்றுதான். ஒன்றியத்தில் அந்த வருடம் அந்த ஊருக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் நிதி. ஊராட்சித் தலைவருக்கு இரண்டு பக்கமும் ஓட்டு இருந்தது. ஆகவே அவர் எந்தப் பக்கமும் பேசாமல், "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லிடுங்க" என்று எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். மே தினக் கிராம சபையில் முடிவு செய்வது என்று ஆயிற்று.

எனக்கு அப்போது பெரியவர்கள் மேல் எரிச்சல்தான். பிள்ளைகள் தகரத்தின் கீழ் வேகும்போது இவர்களுக்குப் பொழுது போகவில்லையா என்று நினைத்தேன்.

மனையை அளக்க நான் அடிக்கடி போக வேண்டியிருந்தது. ஆட்டோவில் இறங்குகிற இடத்தில் ஒரு நிழற்குடை. எப்போது போனாலும் பார்த்துப் பழகிய முகங்கள்தான். வயதானவர்கள் ஆறேழு பேர், ஆணும் பெண்ணும், கையில் பையோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பஸ் வரும், நிற்கும், போகும். ஒருவரும் ஏற மாட்டார்கள்.

"பெரியவரே, பஸ் போயிடுச்சே, ஏறலியா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் பெயர் தேவசகாயம். மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

"அட்த்த பஸ்ல போறேன் சார்" என்றார். அடுத்த பஸ்ஸிலும் போகவில்லை.

இன்னொரு நாள் அவர் டீக்கடைப் பக்கம் எழுந்து போனதும், அவர் மனைவி அன்னம்மா தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நாங்க எங்கியும் போவல சார். எங்க புள்ள ஸ்டீபனுக்கு நைட் ஷிப்ட்டு. காலைல வந்து நாஷ்டா துன்னுட்டு பட்த்தான்னா சாயந்தரம்தான் எய்ந்திருப்பான். ஊடு ஒரே ரூமு. நாங்க உள்ள இருந்தா பாத்திரம் உருளும், கதவு சாத்தும், எவளாச்சும் வந்து பேச்சு குடுப்பா. அப்புறம் புள்ள இன்னாத்த தூங்கறது? கொதிக்கிற இரும்பாண்ட நிக்கிறவன் சார். அங்க கண்ணு அசந்துட்டான்னா?"

"இங்க இருக்கறவங்க எல்லாருமா?"

"எல்லாரு ஊட்லயும் அதே கததான். இந்த வாரம் நானு, அட்த்த வாரம் அவங்க. ஷிப்ட்டு மாறிக்கினே இருக்கும் இல்ல?"

"வெயில்ல நாள் முழுக்க இப்படியே உட்கார்ந்திருந்தா தாகம் எடுக்காதாம்மா?"

"எடுக்கும். தண்ணி குடிச்சா பொம்பளைங்க எங்க போய் ஒதுங்கறது? அதனால குடிக்கறதில்ல" என்றார், ஏதோ காபி குடிப்பதில்லை என்று சொல்வதுபோல.

"ஸ்டீபனுக்குத் தெரியுமா இது?"

"ஐய, அவனாண்ட சொல்லிடாத சார். சும்மா காத்தாட போறோம்னு சொல்லி வெச்சிகீறோம். தெரிஞ்சா வேலையே வாணாம்னு பேஜாரு பண்ணுவான்."

அன்று மாலை மேடத்திடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு வேகம். "கிராம சபையில இதை நான் எடுத்துச் சொல்றேன் மேடம். ஒரு பய எதிர்த்துப் பேச மாட்டான்" என்றேன்.

மேடம் மறுத்துவிட்டார். "அந்தம்மா உங்களை நம்பிச் சொல்லியிருக்காங்க. மகன்கிட்ட மறைச்சதை ஊர் நடுவுல நாம போட்டு உடைக்கலாமா? அவங்க சொல்லாததை நாம சொல்லக் கூடாது சார். நம்மால கேக்கத்தான் முடியும்" என்றார்.

அப்படியானால் பெரியவர்கள் தோற்றுவிடுவார்களே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் எதிரில் அவர்கள் உண்மையைச் சொல்லப்போவதில்லை. சொல்லாவிட்டால் அந்தக் கூடம் வெறும் ஆடம்பரம். இன்னொரு பக்கம் விஜயகுமாரி டீச்சரின் வகுப்பறையைத் தட்டிப் பறிக்கவும் மனம் வரவில்லை.

மே தினத்துக்கு முதல் நாள் கோடு போட்டோம். வகுப்பறைகளுக்குச் சுண்ணாம்பு, கூடத்துக்குச் செங்கல் தூள். மனை ஒன்றுதானே, வெள்ளைக் கோட்டின் மேலேயே சிவப்புக் கோடு ஏறியது. டீச்சர் பிள்ளைகளைக் கூட்டி வந்து வெள்ளைக் கோட்டுக்குள் உட்கார வைத்தார். ஒரு சின்னப் பெண் எழுந்து, "டீச்சர், நீங்க செவுத்து மேல நிக்கிறீங்க" என்றாள். டீச்சர் பதறிப்போய் உள்ளே வந்தார். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் சபை அந்த மனையிலேயே கூடியது. தொழிலாளர் தினம், கம்பெனிகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பகலில் கண்ணிலேயே படாத இளைஞர்கள் எல்லாம் குளித்து, சட்டை மாற்றி, வந்திருந்தார்கள். வரவு செலவு வாசிக்கப்பட்டது. தெருவிளக்கு பற்றி ஒரு சண்டை நடந்து முடிந்தது. பிறகு எங்கள் விஷயம் வந்தது.

டீச்சர் தன் தேவையைப் பளிச்சென்று சொன்னார். கைதட்டல். அடுத்து தேவசகாயம் எழுந்தார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, "எங்களுக்கும் ஒரு எடம் இருந்தா… நாலு பேரு உக்காந்து… கேரம் போர்டு, டிவி…" என்று இழுத்தார்.

இளைஞர்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ஸ்டீபன். "இந்த வயசுல இன்னா நைனா கேரம்? ஊட்லதான் டிவி கீதே!"

தேவசகாயமும் சிரித்தார். உட்காரப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றார் மேடம். "எந்தக் கட்டடம்னாலும் நான் கேக்கறதுதான். யாரு வருவீங்கன்னு தெரிஞ்சிடுச்சு. எப்போ வருவீங்க?"

"காலைல ஏழு மணிக்குத் தெறந்தா போதும்மா."

"சாயந்திரம்?"

"சாயந்தரம் வாணாம்மா. நாலு மணிக்குப் பூட்டிக்கலாம்."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, தனக்கும் கேள்வி வந்துவிட்டதாக நினைத்து அவசரமாக எழுந்தார். "எனக்கு இந்த வாரம் வாணாம்மா. அட்த்த வாரம்தான் வோணும். அதுக்கு அட்த்தது வாணாம்."

வேறு ஊராக இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. கேரம் ஆடுகிறவர்கள் சாயங்காலம்தானே ஆடுவார்கள், இதென்ன வாரம் விட்டு வாரம் என்று குழம்பியிருப்பார்கள். ஆனால் அந்த ஊரில் குழந்தைக்குக்கூட ஷிப்டுக் கணக்குத் தெரியும். சிரித்துக்கொண்டிருந்த வரிசையில் ஒவ்வொரு வாயாக மூடியதை நான் பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள்.

ஸ்டீபன் எழுந்தான்.

"நைனா, நீ டெய்லி காலைல எங்க போற?"

"எங்கடா போறேன்? சும்மா காத்தாட."

"மழையிலயும் காத்தாடவா? அன்னிக்கு அம்மாவும் நீயும் தொப்பலா நனைஞ்சி வந்தீங்களே, அதுவும் காத்தாடவா?"

"உக்காருடா. சபையில இன்னா பேச்சு இது" என்றார் தேவசகாயம். அன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டீபன் உட்காரவில்லை. அவன் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

டீச்சர் அப்போது, வகுப்பறையை விட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. "ரெண்டு ரூம்ல ஒரு அடிகூட நான் விட மாட்டேன். அது பிள்ளைங்களோடது. ஆனா பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க என்ன கட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். அந்த வார்த்தைக்காகவே அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன். விட்டுக்கொடுக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை.

மேடம் உடனே நடக்க ஆரம்பித்தார். வெள்ளைக் கோட்டை விளையாட்டுத் திடல் பக்கம் ஒரு தாழ்வார அகலத்துக்கு நகர்த்தினால், பின்சுவருக்கும் தெருவுக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு இடம் கிடைக்கும். அதில் கூடம். அதன் வாசல் தெருவைப் பார்த்து, பள்ளியின் வாசல் திடலைப் பார்த்து. சுற்றுச்சுவர் பள்ளியின் பின்சுவரோடு வந்து சேர்ந்துகொள்ளும். பள்ளிக்குள் வெளியாள் நுழைய வழியே இல்லை. செருப்புக் காலால் பழைய கோட்டை அழித்து, அங்கேயே புதுக்கோடு போடச் சொன்னார். நான் போட்டேன்.

"ஒன்றிய நிதி ரெண்டு ரூமுக்குத்தான் வரும். கூடத்துக்கு மக்கள் பங்களிப்பு வேணும்" என்றார்.

"கூரைய நாங்க போட்டுத் தரோம் மேடம்" என்றான் ஸ்டீபன். "நாங்கல்லாம் வெல்டரு, பிட்டருதான். கம்பெனிக்கு எவ்ளோ ஷெட்டு போட்டுகீறோம்." தலைவர், இரண்டு பக்க ஓட்டும் பத்திரமாக இருக்கும் மகிழ்ச்சியில், சுவருக்கும் கழிப்பறைக்கும் ஊராட்சி நிதியை அறிவித்தார். தீர்மானம் நிறைவேறியது.

கட்டுமானத்தில் ஒரே ஒரு தகராறுதான். ஸ்டீபனும் கூட்டாளிகளும் பள்ளியின் பின்சுவரிலேயே இரும்புச் சட்டத்தைப் பொருத்திவிடலாம், ஒரு வரிசைத் தூண் மிச்சம் என்றார்கள். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. "பள்ளிக்கூடச் சுவத்துல ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது. கூடம் அதோட சொந்தக் கால்ல நிக்கணும். நாளைக்கு உங்க ஷீட்டு புயல்ல பிச்சிக்கிட்டுப் போனா, சுவரும் கூடப் போகக் கூடாது" என்றார். அதனால் தனித் தூண், தனி அஸ்திவாரம், இடையில் நான்கு விரல் சந்து, சந்தின் மேல் மழை இறங்காமல் மடித்த தகடு. அடுத்து வந்த பெரும்புயலில் ஷீட்டு பறக்கவே இல்லை. ஸ்டீபன் அதைத் தன் வெல்டிங்கின் பெருமை என்கிறான். நான் அஸ்திவாரத்தின் பெருமை என்பேன்.

வேலையைவிடப் பெரிய கூத்து அங்கே தினமும் நடந்தது. இரவு வேலை முடித்துவிட்டு வெல்டிங் கண்ணாடியோடு பிள்ளைகள் வருவார்கள். வந்த உடனே பெரியவர்கள் அவர்களை விரட்டுவார்கள். "போய்த் தூங்குடா! உன்னைத் தூங்க வைக்கத்தாண்டா இந்தக் கட்டடமே!" என்று தேவசகாயம் கத்துவார். "இத முடிச்சாதான் எனக்குத் தூக்கமே வரும் நைனா" என்பான் அவன். கடைசியில் மேடம் தலையிட்டு, பகல் ஷிப்ட் வாரத்தில் இருப்பவர்கள் மட்டும் மாலையில் வேலை செய்யலாம் என்று கட்டளை போட்டார்.

அடுத்த வருடம் ஜூனில் வகுப்பறைகள் திறந்தன. வேன் வந்தது, கொஞ்சம் காலியாகவே திரும்பிப் போனது. சில வாரம் கழித்துக் கூடமும் திறந்தது. பிடிகம்பி போட்ட சாய்தளம், தண்ணீர்க் குழாய், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. திறப்பு விழாவில் அன்னம்மா முதல் வேலையாகக் குழாயைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். யாருக்கும் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. எனக்கும் மேடத்துக்கும் தெரிந்தது. மேடம் கூலிங் கிளாசை மாட்டிக்கொண்டார்.

பிறகு ஒருநாள், "அந்தக் கேள்வியை வேணும்னுதானே மேடம் கேட்டீங்க?" என்றேன். "நான் எப்பவும் கேக்கறதைத்தானே கேட்டேன் சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அவர் இப்போது வேறு மாவட்டத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்கள் பலர். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாக்கியம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அவரோடு வேலை செய்ததைத்தான் சொல்வேன்.

ஓய்வுக்குச் சில மாதம் முன்பு, பராமரிப்புப் பார்வைக்காக அந்தக் கண்டிகைக்குப் போனேன். ஆடி மாதம். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஊர் நடுவில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. பள்ளிப் பக்கம் வர வரச் சத்தம் குறைந்தது. கூடத்துக்கு வந்தால், பெரியவர்கள் எல்லோரும் வெளியே, சுவரோரம் இருந்த கொஞ்சம் நிழலில் வரிசையாகக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரு பூட்டினது? சாவி யார்கிட்ட இருக்கு?" என்று சத்தம் போட்டேன்.

தேவசகாயம் அவசரமாக எழுந்து, உதட்டில் விரலை வைத்தார். கதவைக் காட்டினார். பூட்டவில்லை, சும்மா சாத்தியிருந்தது. மெதுவாகத் திறந்து எட்டிப் பார்த்தேன். மின்விசிறிக்குக் கீழே, கம்பெனிச் சட்டையோடு ஸ்டீபனும் இன்னும் நாலு பிள்ளைகளும் பாய் விரித்து அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"தெருவுல மைக் செட்டு சார். ஊட்ல தூங்க முடில. நாங்கதான் இட்டாந்து பட்க்க வெச்சோம்" என்றார் அன்னம்மா, ரகசியக் குரலில்.

எனக்கும் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது. "அதுக்கு நீங்க ஏம்மா வெளியில? அவ்வளவு பெரிய ஹால். ஒரு ஓரமா உட்கார்ந்துக்கலாமே?"

"இந்தாளு இருமுவாரு சார்."

சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாய்ப்பாடு சொல்கிறார்கள் என்று தெரிந்தது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. "டீச்சராண்ட சொல்லிட்டு வந்தேன். பசங்க மெதுவாத்தான் சொல்லுதுங்க" என்றார் அன்னம்மா.

கூரைத் தகடு, வடிகால், கழிப்பறைக் கதவு என்று நான் பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. ஒன்றையும் பார்க்காமல் அவர்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தேவசகாயத்துக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று இருமித் தீர்த்துவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.